சர்வர் ரேக்கைத் தொட்டால் சுருக்கென்கிறது: நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பது சரியா?

நொய்யல்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். உற்பத்திக் கணக்கும் ஏற்றுமதி ஆவணங்களும் இரண்டு சர்வர்களில் இருக்கின்றன. அவற்றோடு ஒரு சேமிப்புப் பெட்டி, ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், கேமராப் பதிவுக் கருவி ஆகியவையும் ஒரே ரேக்கில் உள்ளன. சர்வர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பவர் சப்ளைகள். எல்லாமே 3 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ். ஒன்றிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. சென்ற ஆண்டு, தையல் கூடத்தின் பின்புறம் புதிதாகக் கட்டிய அறைக்கு இந்த ரேக்கை மாற்றினோம்.

அதிலிருந்து, ரேக்கில் பெயின்ட் உரிந்த இடத்திலோ திருகுகளிலோ கை பட்டால் சுருக்கென்கிறது. செருப்பு அணிந்திருந்தால் தெரிவதில்லை. வெறுங்காலுடன் நிற்கும்போது நன்றாகவே தெரிகிறது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. அறையைச் சுத்தம் செய்யும் அம்மா ரேக்கின் பக்கம் ஈரத்துணியைக் கொண்டுபோகவே அஞ்சுகிறார். அவர் அஞ்சுவது நியாயம்தான் என்று எனக்கும் படுகிறது.

யூ.பி.எஸ். செருகியிருக்கும் போர்டிலேயே பக்கத்து சாக்கெட்டில் மல்டிமீட்டரால் அளந்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 226 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 119 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 107 வோல்ட் காட்டியது. சர்வர் விற்ற நிறுவனத்தின் பொறியாளர், நியூட்ரல்–எர்த் அளவு 2 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வயரிங் செய்தவரோ, சாக்கெட்டுக்குள் நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டால் மீட்டரும் பூஜ்யம் காட்டும், ஷாக்கும் நின்றுவிடும் என்கிறார். பல அலுவலகங்களில் இப்படித்தான் செய்து கொடுத்திருப்பதாகவும் சொல்கிறார். இதற்கு ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுப்பதற்குத் தேவையான மின்னியல் அறிவும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மின்னாய்வு:

வணக்கம். அந்தத் துண்டு வயரைப் போட வேண்டாம். எங்காவது ஏற்கெனவே போட்டிருந்தால், மெயினை நிறுத்திவிட்டு இன்றே எடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதை நிர்வாகத்துக்கும் வயரிங் செய்தவருக்கும் விளக்கியாக வேண்டும்.

முதலில் உங்கள் அளவுகளைப் பார்ப்போம். 119-ஐயும் 107-ஐயும் கூட்டினால் 226 வருகிறது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள மொத்த மின்னழுத்தமும் அதுதான். எர்த் முனை ஏறக்குறைய நட்டநடுவில் நிற்கிறது என்பது இதன் பொருள். மண்ணோடு இணைந்த எர்த் என்றால் ஃபேஸ்–எர்த் அளவு 220-ஐ ஒட்டியும், நியூட்ரல்–எர்த் அளவு சில வோல்ட்டுகளாகவும் இருந்திருக்கும். எனவே அந்த சாக்கெட்டின் எர்த் வயர் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது தொடக்கத்திலிருந்தே எதனோடும் இணைக்கப்படவில்லை.

பாதியளவு மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், உங்கள் பவர் சப்ளைகளிலிருந்துதான். அவை ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உள்ளன. ஃபேஸிலிருந்து கருவியின் உலோக உடலுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து அதே உலோக உடலுக்கு ஒன்று என்று அவை இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சிறிதளவு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாதபோது இரண்டு மின்தேக்கிகளும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பங்கிட, உலோக உடல் 110 வோல்ட்டை ஒட்டி மிதக்கிறது. 4.7 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றின் வழியே 230 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லி ஆம்பியர் பாயும். பிளக் போட்டுப் பயன்படுத்தும் இத்தகைய கருவிகளுக்குப் பொதுவாக 3.5 மில்லி ஆம்பியர் வரை கசிவு அனுமதிக்கப்படுகிறது. மனிதர்களுக்கு அரை மில்லி ஆம்பியரிலேயே உணர்வு தெரியத் தொடங்கும். உங்கள் ரேக்கில் நான்கு சர்வர் பவர் சப்ளைகளும் மற்ற கருவிகளும் யூ.பி.எஸ்.ஸும் ஒரே உலோகச் சட்டத்தில் சேர்ந்திருப்பதால், அத்தனையின் கசிவும் தொடுகிறவரின் உடல் வழியே ஒன்றாக இறங்குகிறது.

இந்தச் சுருக்கென்ற உணர்வோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. நாளைக்கே ஒரு பவர் சப்ளைக்குள் காப்பு உடைந்தோ, ரேக்கின் விளிம்பில் ஒரு கேபிள் நசுங்கியோ ஃபேஸ் உலோகத்தைத் தொட்டால், அதைக் கொண்டுபோக எர்த் இல்லை, எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழாது, ரேக் முழுவதும் 230 வோல்ட்டோடு அமைதியாக நின்றுகொண்டிருக்கும். உங்கள் அளவுகள் சொல்லும் ஆபத்து இதுதான்.

இனி அந்தத் துண்டு வயருக்கு வருவோம். நியூட்ரல் என்பது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. எந்த நேரமும் அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சாக்கெட்டில் அதை எர்த் முனையோடு இணைத்துவிட்டால் ரேக்கின் உடல் அந்த நியூட்ரலின் ஓர் அங்கமாகிவிடும். மின்சாரம் அந்த சாக்கெட்டுக்கு வரும் வழியில், மெயின் போர்டிலோ சுவிட்ச் பெட்டியிலோ ஒரே ஒரு நியூட்ரல் திருகு தளர்ந்தால் போதும்: ஃபேஸ் மின்சாரம் யூ.பி.எஸ்.ஸின் உள்சுற்று வழியே நியூட்ரல் முனைக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியே ரேக்கில் ஏறி, தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். யூ.பி.எஸ். நின்றுபோய்விட்டதே என்று பார்க்க வருகிறவர்தான் முதலில் அதைத் தொடுவார். இன்னொன்றும் உண்டு. எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது நம் ஊரில் அரிதல்ல. முன்பக்கம் நின்று பார்க்கும்போது மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல் என்பதுதான் முறை. அதைச் சரிபார்க்காமல் மாட்டியவர்கள் ஏராளம். இடம் மாறிய சாக்கெட்டில் அந்தத் துண்டு வயர் ஃபேஸை நேரடியாக உடலோடு கட்டிவிடும்.

மேலும், எர்த் மண்ணோடு இணைந்திருக்கும் இடத்தில் இப்படிச் செய்தால், நியூட்ரலின் மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் வழியே போவதால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழும். அப்போது அதையும் கழற்றிவிடலாம் என்ற யோசனை வரும். அங்கே கடைசிப் பாதுகாப்பும் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது எர்த்தைத் தேடுவது. சர்வர்களை முறைப்படி நிறுத்தி, எல்லா பிளக்குகளையும் உருவி, மெயினையும் நிறுத்திய பிறகு, மெயின் போர்டின் எர்த் பட்டையிலிருந்து அந்த சாக்கெட்டின் எர்த் முனை வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பைப் போட்டுச் சோதிப்பார்கள். ரேக் செருகியிருக்கும்போது அதைச் செய்ய ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எர்த் அறுந்திருந்தால் பல்பின் வழியே ஃபேஸ் ரேக்கின் உடலுக்குப் போய்விடும். மின் கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் உள்ளவர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் எடுப்பது, ரேக்குக்கு மட்டும் தனியே ஒரு கம்பியைத் தரையில் அடித்துவிடுவது ஆகியவற்றுக்கும் சம்மதிக்க வேண்டாம். கட்டடத்தின் எல்லா எர்த்தும் ஒரே பட்டையில் சேர வேண்டும்.

அச்சுக்கூடம்:

மேலே நண்பர் நியூட்ரல் திருகு தளர்வதைப் பற்றி எழுதியிருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கணினிகளைப் பராமரிக்கிறேன். எங்களுடையது மூன்று ஃபேஸ் இணைப்பு. மீட்டர் பெட்டிக்கு வரும் நியூட்ரல் அலுமினியக் கேபிள்; அதைத் தாமிர முனையோடு சேர்த்த இடம் சூடாகிச் சூடாகி ஒருநாள் மாலை விட்டுப்போனது. சற்று நேரத்தில் ஒரு பக்கத்து விளக்குகள் மங்கின, இன்னொரு பக்கத்து விளக்குகள் கண்கூசும்படி எரிந்தன. நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று ஃபேஸ்களின் லோடுகளும் ஒன்றோடொன்று தொடராக நின்று, லோடு குறைந்த ஃபேஸில் மின்னழுத்தம் ஏறிவிடும். அது 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். எங்கள் கணினிகளின் பவர் சப்ளைகள் 264 வோல்ட் வரை தாங்கக் கூடியவை. அந்த ஃபேஸில் இருந்தவை எல்லாம் அன்றைக்கே கருகின. எம்.சி.பி. ஒன்றும் விழவில்லை. மின்னோட்டம் மிகவில்லையே, அது ஏன் விழும்?

அதன் பிறகு மெயினில் மின்னழுத்தக் கண்காணிப்பு ரிலேயும் கான்டாக்டரும் வைத்திருக்கிறோம். 260 வோல்ட்டைத் தாண்டினாலும் 180-க்குக் கீழே போனாலும் லைனை அறுத்துவிடும். நியூட்ரல் முனைகளை ஆண்டுதோறும் மின்சாரத்தை நிறுத்தி முறுக்கிப் பார்க்கிறோம். உங்களுக்கும் மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் நிர்வாகத்திடம் இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். யூ.பி.எஸ். இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். முதலில் அடிபடுவது அதுதான்.

நொய்யல்:

இருவருக்கும் நன்றி. மின்னாய்வு அவர்கள் எழுதியதை அச்செடுத்து நிர்வாகத்திடம் காட்டினேன். சான்றிதழ் பெற்ற வேறொரு மின் கம்பியாளரை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துப் பார்த்ததில், பழைய கட்டடத்திலிருந்து புதிய அறைக்கு வரும் லைனில் ஃபேஸும் நியூட்ரலுமாக இரண்டு வயர்கள் மட்டுமே இழுத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. புதிய அறைக்குள் சாக்கெட்டுகளின் எர்த் முனைகளைப் பச்சை வயரால் ஒன்றோடொன்று அழகாக இணைத்திருக்கிறார்கள். அந்தப் பச்சை வயர் முதல் பெட்டியிலேயே, டேப் சுற்றிய நிலையில், முடிந்துவிடுகிறது. யார் திறந்து பார்த்தாலும் எர்த் இருப்பதாகவே நினைப்பார்கள்.

இப்போது மெயின் போர்டின் எர்த் பட்டையிலிருந்து புதிய எர்த் வயர் இழுத்து, ரேக்கின் சட்டத்தையும் அதனோடு சேர்த்திருக்கிறோம். ஷாக் அடியோடு நின்றுவிட்டது. ஃபேஸ்–எர்த் அளவு இப்போது 222 வோல்ட்.

ஆனால் மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும்போது தையல் கூடத்துக்கும் எங்களுக்கும் பொதுவான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சில நேரங்களில் விழுகிறது. முன்பு விழுந்ததே இல்லை. இரண்டு, நியூட்ரல்–எர்த் அளவு 4 வோல்ட் இருக்கிறது, அறையின் ஏ.சி. நின்றால் ஒன்றரை வோல்ட்டாகக் குறைகிறது. மெயின் போர்டில் அரை வோல்ட்கூட இல்லை. விற்ற நிறுவனத்தின் பொறியாளர் இன்னமும் 2 வோல்ட் என்கிறார். மூன்று, யூ.பி.எஸ். பேட்டரிகள் பழையவை, லித்தியத்துக்கு மாறலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.

மின்னாய்வு:

எர்த் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. டேப் சுற்றிய அந்தப் பச்சை வயரைப் படம் எடுத்து வைத்திருங்கள். அடுத்த கட்டடம் கட்டும்போது ஒப்பந்தக்காரரிடம் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் இருக்காது.

ஆர்.சி.சி.பி. முன்பு விழாததற்குக் காரணம், கசிவுக்கு வழியே இல்லாமல் இருந்தது. இப்போது வழி கிடைத்திருக்கிறது, அது வேலை செய்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-லிருந்து 30-க்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். அதனால் நிலையான கசிவை அதன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்ல நடைமுறை. கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து நுழைத்தால் அது நேரடியாகத் தெரியும். மின்சாரம் திரும்பும் நொடியில் எல்லா வடிகட்டி மின்தேக்கிகளும் ஒரே நேரத்தில் நிரம்புவதால் கசிவு கணநேரம் எகிறுகிறது. ரேக்குக்கு மெயின் போர்டிலிருந்தே தனி லைனும் தனி ஆர்.சி.சி.பி.யும் கொடுத்துவிட்டால், இரு தரப்புக்கும் தொல்லை தீரும். ஆர்.சி.சி.பி.யில், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ‘ஏ.சி.’ வகையைத் தவிர்த்து, துடிப்புடைய நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் ஏ வகையையே கேட்டு வாங்குங்கள். யூ.பி.எஸ்.ஸைப் பிளக் இல்லாமல் நேரடியாக லைனோடு இணைத்தால் அந்த லைனுக்கு 100 மில்லி ஆம்பியர் போதும். கையால் தொட்டுப் பயன்படுத்தும் சாக்கெட்டுகளுக்கு 30-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

எர்த் குழி (எர்த் வயரை மண்ணோடு சேர்க்கும் குழி) நன்றாக இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று யாரேனும் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஃபேஸ் உடலைத் தொடும்போது, குழியின் மின்தடை 5 ஓம் என்றால் 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனடியாக விழ 80-லிருந்து 160 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியரில் அது சூடேறித்தான் விழும், அதற்குப் பல நொடிகள் ஆகலாம். மின்சாரத்தில் கை ஒட்டிக்கொண்டவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

4 வோல்ட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்குக் காரணத்தை உங்கள் ஏ.சி.யே காட்டிக் கொடுத்துவிட்டது. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயருக்கு ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம் மின்தடை உண்டு. உங்கள் லைன் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நியூட்ரலின் மின்தடை 0.3 ஓம். ரேக்கும் ஏ.சி.யும் சேர்ந்து 13 ஆம்பியர் இழுத்தால் 3.9 வோல்ட், ஏ.சி. நின்று 5 ஆம்பியர் மட்டும் ஓடினால் 1.5 வோல்ட். உங்கள் மீட்டர் காட்டுவதும் அதுவே. ரேக்கின் தனி லைனை 6 சதுர மில்லிமீட்டரில் இழுத்து, ஏ.சி.யைப் பழைய லைனிலேயே விட்டுவிட்டால் இது ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும், உத்தரவாதக் கடிதமும் நிறைவேறும். உண்மையில் சர்வரின் பவர் சப்ளைக்குள்ளேயே மின்மாற்றி இருப்பதால் சில வோல்ட் நியூட்ரல்–எர்த் வேறுபாடு அதை ஒன்றும் செய்யாது. அந்த அளவு வயரிங்கின் நிலையைக் காட்டும் ஓர் அறிகுறி, அவ்வளவுதான். அறிகுறியை மட்டும் மறைக்க முயன்றதால்தான் துண்டு வயர் யோசனையே பிறந்தது.

நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பதற்கு முறையான இடம் உண்டு. அது மின்வாரிய டிரான்ஸ்பார்மரின் நடுமுனை (நியூட்ரல் தொடங்கும் முனை), சொந்த ஜெனரேட்டர் என்றால் அதன் நடுமுனை, ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் அதன் வெளியீட்டுப் பக்கம். அந்த இடத்தைத் தாண்டிய பிறகு இரண்டும் எங்கும் மறுபடி சேரக் கூடாது. ஜெனரேட்டருக்கு மாறும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிறதா, ஜெனரேட்டரின் நடுமுனை எர்த் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் இந்த வேலையோடு பார்த்துவிடுங்கள்.

தனி லைன் வரும் வரை ஒரு வேண்டுகோள்: யூ.பி.எஸ். பேட்டரியில் ஓடுகிறதா என்று சோதிக்க அதன் பிளக்கை உருவாதீர்கள். உருவினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும், சர்வர்களோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். ரேக்கின் புதிய எர்த் இணைப்பு உறுதியாக இருந்தால் ஒழிய மீண்டும் அதே மிதக்கும் நிலைதான். எம்.சி.பி.யை நிறுத்திச் சோதியுங்கள்.

காவிரிக்கரை:

பேட்டரியைப் பற்றி நான் எழுதுகிறேன். திருச்சியில் யூ.பி.எஸ். பராமரிப்புதான் என் தொழில்.

உங்கள் 3 கே.வி.ஏ. கருவியில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் எட்டு தொடராக இருக்கும். பெயருக்கு 96 வோல்ட். சார்ஜ் ஏறி நிற்கும்போது 109 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இது நேர்மின்னோட்டம் என்பதால் எம்.சி.பி.யை நிறுத்தினாலும் பேட்டரி முனைகளில் உயிர் இருக்கும். மோதிரம், கைக்கடிகாரம், அரைஞாண் எல்லாம் கழற்றிவிட்டு, காப்பு உறை போட்ட ஸ்பேனரால்தான் அவற்றைத் தொட வேண்டும். தொடரின் நடுவில் ஒரு இணைப்பை முதலில் கழற்றிவிட்டால் ஆபத்து பாதியாகும். பேட்டரிகள் வெளியே இருந்தால் இடையில் வைக்கும் பிரேக்கர் நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண எம்.சி.பி. அந்தத் தீப்பொறியை அணைக்க முடியாமல் உருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் இருப்பவை மூடிய ஈய அமிலப் பேட்டரிகள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்கனம் என்று இரவில் ஏ.சி.யை நிறுத்துகிற இடங்களில் பேட்டரிகள் உப்பி நிற்பதற்கு இதுவே காரணம். உப்பிய பேட்டரியைத் தொடரில் விட்டுவைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றி மற்ற ஏழு பழையவற்றோடு சேர்ப்பதும் வீண். வீட்டு இன்வெர்ட்டரின் தண்ணீர் ஊற்றும் பேட்டரிகளை மலிவு என்று சர்வர் அறைக்குள் வைக்கவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் தீப்பிடிக்கும்.

லித்தியம் எடை குறைவு, ஆயுள் அதிகம், நல்லதுதான். ஆனால் அது தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜானில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வேறிடத்தில் நகல் இருக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. உங்கள் அளவுக்குப் புதிய மூடிய ஈய அமிலப் பேட்டரிகள் எட்டே போதும் என்பது என் கருத்து. லித்தியம்தான் வேண்டும் என்றால் யூ.பி.எஸ். தயாரிப்பாளரே அதற்கென வடிவமைத்துத் தரும் தொகுப்பை வாங்குங்கள். பழைய சார்ஜரோடு வெளியில் வாங்கிய லித்தியத்தைச் சேர்க்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எதை வாங்கினாலும் பேட்டரிகளை ரேக்கின் அடியிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள தனி இடத்தில், நூலும் துணியும் பறந்து படியாத பக்கமாக வையுங்கள். அறை வாசலில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று தொங்கட்டும். சர்வர்களின் நகல் அந்தக் கட்டடத்துக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.